பற்றுச்சீட்டு

ஓல்ட்டன் நிலையத்திலிருந்து ஆறு நிமிட நடை.
ஆரே ஆற்றின் மரப்பாலம் தாண்டி,
பல் வைத்தியருக்கு மேலே, இரண்டாம் மாடி.
நாற்காலிகள் மூன்று. என்னுடையது சன்னலோரம்.
விதி ஒன்றுதான்:
அவர் "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே செவ்வாய்க்கிழமைகளில்
எனக்கு நாற்பத்தொரு வயது. மீசை உண்டு.
விடுதிச் சமையலறையில் கோப்பை கழுவுகிறேன்.
என் மகன் கதவைச் சாத்தினால்
கை தானாக ஓங்குகிறது.

முதல் நாள் டொக்டர் எப்னெட்டர்
பிண்டுங் என்றொரு சொல்லை நடுவில் வைத்தார்.
"பற்று" என்றேன்.
குகநேசன் சிரித்தார்.
"அதை விடச் சொல்லித்தானே எங்கட ஆக்கள் எல்லாரும் சொன்னவை.
இவ பிடிக்கச் சொல்லுறா."
அப்படியே சொன்னேன்.
அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டினேன்.
கொடி பற்றும். தீயும் பற்றும்.
கணக்கில் கடன்பட்ட பக்கம் பற்று.
போதாது என்பதற்கும் அதைத்தான் வைத்திருக்கிறோம்,
பற்றாக்குறை.
கடையில் கிழித்துத் தரும் துண்டு பற்றுச்சீட்டு:
காசு வந்ததற்குச் சாட்சி.
ஆள் வந்ததற்கு?

ஏழாம் வாரம்.
"அவன் கதவைச் சாத்தியபோது
அவன் மனதில் என்ன ஓடியிருக்கும்?"
"என்னை வேண்டாமெண்டு."
"வேறு ஏதாவது?"
"அவன்ர மண்டைக்குள்ள நான் லைட் அடிச்சோ பாக்கிறது!"

பிறகு, கேட்காமலே,
விடியற்காலை நாலு மணி ஒன்றைச் சொன்னார்.
ஆறு வயது. வாசலில் வான்.
அம்மா குவைத்துக்குப் போகிறாள்,
குனிந்து பார்க்கிறாள், எழுப்பவில்லை.
"நான் நித்திரையெண்டு நினைச்சா.
நான் நித்திரையில்லை."

ஜெர்மனில் அதைச் சொல்லும்போது
என் குரல் ஒரு படி கீழே தவறி வைத்தது.
டொக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.
கேள்வி எதுவும் கேட்கவில்லை.
பல் கடையும் இயந்திரம் தரைக்குக் கீழே
கொஞ்ச நேரம் பேசிற்று.

ஜூலையில் டொக்டர் மூன்று வாரம் விடுமுறை.
ஓகஸ்ட் ஆறாம் திகதி
குகநேசன் இருபது நிமிடம் பிந்தி வந்தார்.
மேற்சட்டையைக் கழற்றவில்லை.
"ஊர் சுத்தின மூண்டு கிழமைக்கும்
அவளிட்ட ஒரு பற்றுச்சீட்டு வாங்கித் தாங்கோ."

அவ என்பது அவளாகிவிட்டது.
ஜெர்மனில் அந்த வீழ்ச்சிக்கு இடமில்லை.
இடமில்லாததைச் சாக்காக வைத்து
"விடுமுறை நன்றாகக் கழிந்ததா?" என்று மாற்றினேன்.

டொக்டர் புன்னகைத்தார்.
நன்றி என்றார்.
தான் எறிந்த கல்லுக்கு
ஒரு முகம் மலர்வதைப் பார்த்து
குகநேசன் எழுந்துவிட்டார்.
முகத்தில் கோபமே இல்லை.
நாலு மணி இருந்தது.

"நான் மாற்றிச் சொன்னேன்" என்றேன்,
முதலில் ஒரு மொழியில், பிறகு மற்றதில்.
அந்த அறையில் அதுதான்
எனக்கே சொந்தமான முதல் நான்.

கல்லை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன்.
டொக்டர் வாங்கிக்கொண்டார்.
"போனேன். முன்கூட்டியே சொன்னேன், ஆனாலும் போனேன்.
இப்போது உங்களைத் தப்பாகவும் படித்துவிட்டேன்."
கதவுப்பிடியில் கை வைத்தபடியே
குகநேசன் என் பக்கம் திரும்பினார்.
"நீங்கள் ஏன் மாத்தினனீங்கள்?"
"எழும்பிப் போயிடுவீங்களெண்டு."

உட்காரவில்லை. போகவுமில்லை.
வெளியே ஒரு சரக்கு ரயில் முழுவதும் கடந்தது.
"அவனும்... நான் போயிடுவனெண்டோ
முதலே சாத்திறான்?"
"எனக்குத் தெரியாது" என்றார் டொக்டர்.
"கேட்டுப் பார்க்கலாம்."
இதை மொழிபெயர்க்க எனக்கு
ஐந்து சொல்லும் நெடுநேரமும் பிடித்தது.

மாடிப்படியில் கிராம்பு வாசம்.
அடுத்த சந்திப்புச் சீட்டைப் பணப்பையில் வைத்தார்.
அங்கே முந்தையவை எல்லாம் இருந்தன,
ஒன்றும் எறியவில்லை.
"உங்களை ஆர் விட்டிட்டுப் போனது?" என்று கேட்டார்.

விதிப்படி நான் பதில் சொல்லக்கூடாது.
சொல்லவில்லை.
பாலத்தின் நடுவில் இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தேன்.
தமிழில் ஆளை மறைத்துவிட்டுக்கூட
வாக்கியம் நின்றது.
ஜெர்மனில் நிற்கவில்லை.